இடைகழியில் நின்றவர்கள்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

முதல் திருவந்தாதிப் பாடங்களைத் தொடர்ந்து வாசித்து வரும் அன்பர் ஒருவர், அயல்நாட்டில் பல்லாண்டுகளாக வாழ்பவர், நமக்கு ஒரு கேள்வி விடுத்திருந்தார். அதன் ஸாரம் இது: "நித்யாநுஸந்தானத்தை ஒரு நாளும் விட்டதில்லை. பதவுரையும் ஓரளவு தெரியும். ஆயினும் ஒரு பாசுரமாவது திடீரென்று உள்ளே திறந்து, 'ஆ, இதுவன்றோ பொருள்!' என்று தோன்றியதில்லை. பெரியோர்களுக்கு அப்படித் தோன்றியதாகப் படிக்கிறோம். அது நமக்கும் நேர வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்ய இயலாதென்றால், இந்த அநுஸந்தானம் எதற்கு?"

கேள்வி எளியதாகத் தோன்றினாலும் இரண்டு பக்கமும் கூருடையது. 'இன்னின்னது செய்தால் ஞானம் பிறக்கும்' என்று விடை சொன்னால், நம் செயலையே உபாயமாக்கியதாகும். எம்பெருமானுடைய நிர்ஹேதுக க்ருபை, அதாவது நம்மிடம் ஒரு காரணத்தையும் எதிர்பாராத அருள், என்று பூர்வாசார்யர்கள் அறுதியிட்ட அர்த்தத்துக்கு அது பொருந்தாது. 'நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை' என்று விடை சொன்னாலோ, நாதமுனிகள் திருக்குருகூரில் அமர்ந்து கண்ணிநுண்சிறுத்தாம்பை 12,000 உரு அநுஸந்தித்தது எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்பார். கேட்பதும் ந்யாயமே. ஆகவே உடனே விடை எழுத நமக்குத் துணிவு வரவில்லை. அந்தக் கேள்வியை மடியில் கட்டிக்கொண்டே ஐப்பசி மாதத்தில் திருக்கோவலூர் யாத்திரை புறப்பட்டோம்.

திடீரென விளங்குவதைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான திவ்யதேசம் வேறில்லை. நடுநாட்டுத் திருப்பதிகள் இரண்டனுள் ஒன்றான திருக்கோவலூர், தென்பெண்ணைக் கரையில், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. வலத் திருக்கையில் சங்கமும் இடத் திருக்கையில் சக்கரமுமாக மாறி ஏந்தி, ஒரு திருவடியைத் தூக்கி உலகளந்தவனாக எழுந்தருளியிருக்கும் த்ரிவிக்ரமன், பூங்கோவல் நாச்சியார், தேஹளீசனாகிய ஆயன் ஆகியோருடைய ஸந்நிதிகள் அங்கே. 'தேஹளீ' என்றாலே இடைகழி. கோயிலுக்குப் பெருமாளின் அளவைக் கொண்டு ஒரு பெயரும், அவன் வந்து நெருக்கிய சிற்றிடத்தைக் கொண்டு ஒரு பெயருமாக இரண்டும் சேர்ந்திருப்பதை நாம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். சொன்னோமே தவிர, நினைத்ததில்லை.

யாத்திரையில் ஒரு நாளை மலைக்கு ஒதுக்கியிருந்தோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்வராயன் மலை ஏறினால் வெள்ளிமலை வரும். அடிவாரம் வரை இருமருங்கும் கரும்பு. கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உண்டு. மேலே ஏறியதும் கரும்பு மறைந்து காடும், மேகமும், சரிவுகளில் சிறு வயல்களும் தொடங்குகின்றன. அங்கே வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் (கேரளத்தாரல்லர், மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர்) தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து கரிராமன் என்னும் பெருமாளோடு வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். வந்தவர்கள் மூன்று அண்ணன் தம்பிகள் என்பதும், அவர்கள் வெவ்வேறு மலைகளுக்குப் பிரிந்து போனார்கள் என்பதும் அந்தக் கதையின் பகுதி. காஞ்சியில் பொற்றாமரையில் அவதரித்த பொய்கையாழ்வாரையும், மல்லையில் குருக்கத்தி மலரில் அவதரித்த பூதத்தாழ்வாரையும், மயிலையில் செவ்வல்லியில் அவதரித்த பேயாழ்வாரையும் ஸேவிக்கப் போகும் வழியில், காஞ்சியிலிருந்து வந்த மூவரைப் பற்றி இன்னொரு கதை காதில் விழுந்தது எங்களுக்கு இனிதாயிருந்தது. அதற்கு மேல் அதில் பொருள் தேட முற்படவில்லை.

வெள்ளிமலையிலிருந்து இறங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வடகிழக்குப் பருவமழை மலையில் பெய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்; துளி துளியாகத் தொடங்குவதில்லை. மின்சாரமும் நின்றது. நாங்கள் ஐந்து பேர் சாலையோரத்து ஓட்டு வீடு ஒன்றின் வாசலில் ஒதுங்கினோம். அங்கே ஏற்கெனவே மூன்று பேர் நனைந்த மூட்டைகளோடு ஒதுங்கியிருந்தனர். வீட்டு வாசலுக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒரு குறுகிய நடை. இருவர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். இடம் போதாதென்று நாங்கள் மழையிலேயே தயங்கி நின்றபோது, உள்ளிருந்து வந்த முதியவள் ஒருத்தி சொன்னாள்:

"குந்தினாத்தான் சாமி எடம் பத்தாது. நின்னா எத்தினி பேரு வேணா நிக்கலாம். உள்ள வாங்க."

உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். எண்மரும் அந்த இருட்டு நடையில் தோளோடு தோள் உராய நின்றோம். யாரும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு எங்களில் வயதில் மூத்தவரான ஸ்வாமி, குரல் கம்ம, "ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம்..." என்று தொடங்கி, முடிக்காமல் நிறுத்தினார். முடிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. இந்த வாக்கியத்தை நாங்கள் எல்லோரும் பால்யத்திலிருந்து கேட்டிருக்கிறோம். உபந்யாஸங்களில் சொல்லியும் இருக்கிறோம். அன்றுதான் அதைக் கேட்டோம்.

மற்றொருவர் இன்னொன்றைக் கண்டார். அவர் தஞ்சை ஜில்லாவில், வாசற்கதவுக்கும் கூடத்துக்கும் நடுவே நீண்ட ரேழியுள்ள அக்ரஹார வீட்டில் வளர்ந்தவர். "ரேழி என்பது இடைகழியேயல்லவா?" என்றார். ஆம். இடைகழி என்ற சொல்தான் வாய்மொழியில் தேய்ந்து ரேழியாயிற்று. செருப்பு விடுவதும், குடை சாய்த்து வைப்பதும், வருபவரை 'இருங்கள்' என்று சொல்லிவிட்டு உள்ளே போவதுமான அந்த இடம். இத்தனை காலம் 'ரேழியில் வை' என்று சொன்ன வாயாலேயே 'திருக்கோவலூர் இடைகழி' என்று பக்தியோடு சொல்லிவந்தோம். இரண்டும் ஒன்றென்று தோன்றியதில்லை. ஆழ்வார்களுக்கு எம்பெருமான் தன்னைக் காட்டியது கர்ப்பக்ருஹத்திலன்று, ரேழியில்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அன்று எங்களுக்குப் புதிய செய்தி ஒன்றும் கிடைக்கவில்லை. ரேழி தெரியும், இடைகழி தெரியும். இரண்டும் வெவ்வேறு அறைகளில் கிடந்தன. மழையும் இருட்டும் நெருக்கமும் அவற்றை ஒன்றோடொன்று முட்டச் செய்தன. திடீரென விளங்குவது என்பது பெரும்பாலும் இவ்வளவே. அதனால்தான் ஏற்கெனவே உள்ளே ஒன்றும் கிடவாதவனுக்கு அது நேர்வதில்லை.

இனி ஆழ்வார்கள் சரித்திரத்தை இந்தக் கண்கொண்டு பார்ப்போம். பொய்கையார் முதலில் வந்து ம்ருகண்டு முனிவரின் ஆச்ரமத்து இடைகழியில் படுத்தார். பூதத்தார் வந்து கதவைத் தட்ட, இருவரும் உட்கார்ந்தனர். பேயார் வர, மூவரும் எழுந்து நின்றனர். நான்காமவர் ஒருவர் வந்து நெருக்க, "யார் இது?" என்ற கேள்வி பிறந்தது. நாம் வழக்கமாக இந்த இடத்துக்கு விரைந்து வந்துவிடுவோம். ஆனால் அதற்கு முன் இரண்டு முறை இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. படுக்கை போயிற்று, இருக்கை போயிற்று. முதல்வர் இரண்டையும் இழந்தார். படுத்திருந்தவர் படுத்தே இருந்திருந்தால் நெருக்கமில்லை, நெருக்கமில்லையேல் கேள்வியில்லை, கேள்வியில்லையேல் விளக்கில்லை. இப்படி ஒரு யோஜனை வ்யாக்யானங்களில் உண்டென்று நாம் சொல்லவில்லை. மலைவீட்டு முதியவளின் சொல்லில் எங்களுக்குத் தோன்றியது. பெரியோர்கள் திருவுள்ளத்துக்கு ஒவ்வாதாகில் தள்ளிவிடலாம்.

விளக்குகளைப் பற்றி வ்யாக்யாதாக்கள் தெளிவாகவே அருளிச்செய்திருக்கிறார்கள். பொய்கையார் பூமியை அகலாக்கி, சூழ்ந்த கடலை நெய்யாக்கி, சூரியனைச் சுடராக்கி வெளிவிளக்கு ஏற்றினார். பூதத்தார் அன்பையும் ஆர்வத்தையும் உருகும் நெஞ்சையும் கொண்டு உள்விளக்கு ஏற்றினார். பேயார் பிராட்டியோடும் திவ்யாயுதங்களோடும் கூடிய திருமேனியைக் கண்டேன் என்றார். இவை முறையே பரபக்தி, பரஜ்ஞானம், பரமபக்தி என்னும் நிலைகள் என்பர். மூன்று ப்ரபந்தங்களுக்கும் நூறு நூறு வெண்பாக்கள். முடிவே தொடக்கமாகத் தொடுக்கும் அந்தாதி.

அன்பரின் கேள்விக்கு உதவும் செய்தி இந்த முதற்பாசுரங்கள் மூன்றிலுமே இருக்கிறது. பேயாழ்வார் விளக்கு ஏற்றவில்லை! தம் முதற்பாசுரத்தில் அவர் செய்தது காண்பது ஒன்றே. ஏற்றியவர்கள் மற்ற இருவர். 'எனக்கு மட்டும் திறக்கவில்லையே' என்று தனியறையில் அமர்ந்து வருந்துபவர், தாமே அகலும் நெய்யும் திரியும் தேடி, தாமே ஏற்றி, தாமே காண வேண்டும் என்று எண்ணியிருக்கிறார். இடைகழியில் அப்படி நடக்கவில்லை. ஒருவர் ஏற்ற, இன்னொருவர் கண்டார். நம் ஸம்ப்ரதாயத்தில் கோஷ்டி என்று ஒன்று இருப்பதற்கும், காலக்ஷேபம் தனித்துப் படிப்பதாக இல்லாமல் ஒருவர் சொல்லப் பலர் கேட்பதாக இருப்பதற்கும் இதைவிடப் பழைய சான்று தேட வேண்டியதில்லை. அன்று வெள்ளிமலையிலும் ரேழியைக் கண்டவர் ஒருவர், வாக்கியத்தைத் தொடங்கியவர் வேறொருவர், இடம் தந்தவள் நம் ப்ரபந்தத்தைக் கேட்டிராத ஒருத்தி.

ஆனால் கோஷ்டியில் உட்கார்ந்தால் மட்டும் போதுமா என்றால், நாதமுனிகள் சரித்திரம் போதாது என்கிறது. வீரநாராயணபுரம் என்னும் காட்டுமன்னார் கோயிலில், யாத்திரையாக வந்தவர்கள் திருக்குடந்தை ஆராவமுதன் விஷயமான திருவாய்மொழிப் பதிகத்தைப் பாடினர். பதிகத்தின் முடிவில், அது ஆயிரத்துள் ஒரு பத்து என்று வருகிறது. அன்று அதைக் கேட்டவர் பலர் இருந்திருப்பர். பாடியவர்களும் அந்தச் சொல்லை நாள்தோறும் பாடியவர்களே. "ஆயிரம் என்கிறதே, மற்றவை எங்கே?" என்று கேட்டவர் நாதமுனிகள் ஒருவரே. பாடியவர்களுக்கு விடை தெரியவில்லை. கேள்வி அவரைக் குடந்தைக்கும், குடந்தையிலிருந்து திருக்குருகூருக்கும் கொண்டு சென்றது. அங்கே மதுரகவிகளின் வழிவந்த பராங்குசதாஸர் அவருக்குச் சொன்னது கண்ணிநுண்சிறுத்தாம்பு. நியமத்தோடு 12,000 உரு சொன்னபின் நம்மாழ்வார் ப்ரத்யக்ஷமாகி நாலாயிரத்தையும் அர்த்தங்களோடு அருளினார்.

பன்னிரண்டாயிரமாவது உரு முடிந்தது, ஆகவே ஆழ்வார் வந்தார் என்று கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு. அது கடைக்காரன் கணக்கு. நாதமுனிகள் கேட்டது தொலைந்த பாசுரங்களை. கிடைத்தது பாசுரங்களும் அவற்றின் பொருளும் யோக ரஹஸ்யமும். விலைக்கும் பண்டத்துக்கும் அங்கே ஒப்புமையே இல்லை. உரு சொன்னது விலையன்று, வாசலில் நின்றது. நின்றவர் உட்காராமல் நின்றார் என்பதே 12,000 என்ற எண் நமக்குச் சொல்வது.

இங்கே வெளியுலகச் செய்தி ஒன்றையும் சேர்த்துப் பார்ப்பதில் தவறில்லை. பிரான்ஸ் தேசத்துக் கணித மேதை ஆன்ரி புவான்காரே, நாள்கணக்கில் முட்டி மோதியும் பிடிபடாத ஒரு கணிதப் பொருள், கூத்தான்ஸ் என்னும் ஊரில் வண்டியில் ஏறக் காலை வைத்த கணத்தில் விளங்கியதாக எழுதிவைத்திருக்கிறார். உழைப்பு முதலில், பிறகு அதை விட்டு விலகியிருத்தல், பிறகு எதிர்பாராத் தெளிவு, அதன் பின் அதைச் சரிபார்த்தல் என்பது அவர் கண்ட வரிசை. நம் நாட்டில் ஸ்ரீநிவாஸ ராமாநுஜனின் பெயர் உடனே நினைவுக்கு வரும். 1887ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், தம் குடும்பம் வழிபட்ட நாமக்கல் நாமகிரித் தாயாரே தமக்குக் கணிதத்தை உணர்த்துவதாகச் சொல்லிவந்தார். காகிதம் வாங்க வசதியின்றி ஸ்லேட்டில் எழுதி முழங்கையால் அழித்து அழித்துக் கணக்கிட்டதும் அவரே. ஆயிரக்கணக்கான தேற்றங்களைத் தொகுத்த கார் என்பவரின் நூலைப் பதின்பருவத்திலேயே கையிலெடுத்து, ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்த்தவரும் அவரே. தாயாரைச் சொல்லி ஸ்லேட்டை மறப்பவர்கள் ஒருபுறம். ஸ்லேட்டைச் சொல்லித் தாயாரை மறப்பவர்கள் மறுபுறம். அவர் இரண்டையும் மறக்கவில்லை. நாம் ஏன் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

இனி மையக் கேள்விக்கு வருவோம். அருள் நிர்ஹேதுகமானால் நம் முயற்சியின் இடம் எது? பிள்ளைலோகாசார்யர் முதலான நம் பூர்வர்கள் சேதனனிடம் இருக்க வேண்டுவதாகச் சொல்வது ஒரு செயலன்று, விலக்காமை. அவன் நெருக்கி வரும்போது தள்ளாதிருத்தல். தாய் ஊட்டும்போது குழந்தை வாயை மூடிக்கொள்ளாததைப் போன்றது என்று இதை நாம் விளக்கிக்கொள்ளலாம். வாய் திறந்தது பாலுக்கு விலையாகாது. ஆனால் மூடிய வாய்க்குள் பால் போவதும் இல்லை. ஆகவே 'ஞானம் பிறக்க என்ன செய்வது?' என்பதைவிட, 'எதையெல்லாம் செய்து அதைத் தள்ளிக்கொண்டிருக்கிறோம்?' என்று கேட்பது நம் ஸித்தாந்தத்துக்கும் நெருங்கியது, நடைமுறைக்கும் உதவுவது.

நாம் தள்ளும் வழிகள் பல. முதலாவது, தெரியும் என்ற எண்ணம். பதவுரையை ஒருமுறை படித்தவுடன் பாசுரத்தின் மேல் 'முடிந்தது' என்று முத்திரை குத்திவிடுகிறோம். படுத்துக்கொள்வது என்பது இதுவே. பொய்கையார் எழுந்தார்; நாம் எழுவதில்லை. இரண்டாவது, அவஸரம். திருப்பாவை முப்பதையும் எத்தனை நிமிஷத்தில் முடிக்கலாம் என்று நாம் எல்லோருமே ஒரு நாளாவது பார்த்திருக்கிறோம். மூன்றாவது சற்று நுட்பமானது: அநுபவம் வருகிறதா, வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொல்வது. கண்ணாடியைப் பார்த்தபடி அழ முயல்பவனுக்கு அழுகை வராது. அன்பரின் கேள்வியில் இந்த மூன்றாவதின் சாயல் இருப்பதாக நமக்குத் தோன்றியது. தவறாயிருந்தால் க்ஷமிக்க வேண்டும்.

ஸந்தை சொல்லும் பழைய முறையை நாம் மிகவும் ஆதரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆசார்யர் ஒரு முறை சொல்ல, சிஷ்யர்கள் இரு முறை திருப்பிச் சொல்வர். பொருள் பிறகு. 'பொருள் தெரியாமல் மனப்பாடமா?' என்று இக்காலத்தில் கேட்கிறார்கள். பாசுரம் வாயில் இருந்தால்தானே மழையிலும் இருட்டிலும் உடன் வரும்? புத்தகத்திலோ கைபேசியிலோ இருக்கும் பாசுரம், மின்சாரம் நின்ற நடையில் யாருக்கும் தோன்றியிராது.

பிள்ளை உறங்காவில்லி தாஸர் வ்ருத்தாந்தம் வேறொரு பாடம் தருகிறது. உறையூரில் மல்லராயிருந்த அவர், தம் மனைவி பொன்னாச்சியாரின் கண்ணழகில் ஈடுபட்டு, வெய்யிலில் அவருக்குக் குடை பிடித்து, ஊரார் சிரிப்பதையும் பொருட்படுத்தாமல் நடந்தார். எம்பெருமானார் அவரை வெறுக்கவில்லை. 'அந்த ஈடுபாட்டை விடு' என்று உபதேசிக்கவும் இல்லை. அதனினும் அழகிய கண்களைக் காட்டுவதாகச் சொல்லிப் பெரிய பெருமாள் ஸந்நிதிக்கு அழைத்துச் சென்றார். ஒரு கணத்தில் எல்லாம் மாறிற்று. ஆனால் கண்ணிமைக்காமல் ஒன்றைப் பார்க்கும் ஆற்றல் அந்தக் கணத்தில் வந்ததன்று. அது முன்பே இருந்தது. வேறு இடத்தில் இருந்தது. ஒன்றில் ஆழ்ந்து ஈடுபடத் தெரிந்தவனுக்கு, அது ஸங்கீதமாயினும் தையலாயினும் தோட்டமாயினும், திருப்புவதற்கு ஒன்று கையில் இருக்கிறது.

திடீரென்று தோன்றுவதெல்லாம் மெய்யா? இதை விட்டுவிட்டால் பாடம் ஆபத்தாகிவிடும். இரவில் தோன்றிய அற்புதமான பொருள் காலையில் பதவுரையைப் பார்த்ததும் கரைந்துபோனது நமக்குப் பலமுறை நேர்ந்திருக்கிறது. சொல்லவே வெட்கமானவை சில. தோன்றியதன் வேகம் அதன் உண்மைக்கு ஸாக்ஷியாகாது. நம்பிள்ளை காட்டிய வழியே நமக்கு வழி. நஞ்சீயர் தம் ஒன்பதினாயிரப்படி வ்யாக்யானத்தை ஏடுபடுத்த, நம்பூர் வரதராஜரிடம் தந்தார். அவர் காவேரியைக் கடக்கையில் வெள்ளம் ஓலைகளை அடித்துச் சென்றது. ஒரு முறை கேட்டதைக் கொண்டு நினைவிலிருந்தே அவர் முழுவதையும் எழுதினார். எழுதும்போது தமக்குத் தோன்றிய விசேஷார்த்தங்களையும் ஆங்காங்கே சேர்த்தார். நஞ்சீயர் படித்துவிட்டு, 'நாம் சொன்னதுதான், ஆனால் நாம் சொல்லாத அழகும் இருக்கிறதே' என்ற கருத்துப்பட வினவ, நடந்ததை நடுக்கத்தோடு விண்ணப்பித்தார். ஆசார்யர் உகந்து, 'நம் பிள்ளை' என்று தழுவினார். அந்தத் திருநாமமே நிலைத்தது.

இந்தச் சரித்திரத்தில் அவர் தாமாக ஒரு புதுநூல் செய்து ஊருக்குக் காட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தோன்றியது ஆசார்யருடைய கைக்குப் போயிற்று. அவர் உகந்த பின்பே அது அர்த்தமாயிற்று. முந்தைய ஏடு இருந்திருந்தால் நம்பிள்ளை அதைப் பார்த்து அப்படியே பெயர்த்தெழுதியிருப்பார். ஏடு போனதால் நினைவைத் துழாவ வேண்டியிருந்தது. துழாவியதில் புதியது தோன்றிற்று. வெள்ளத்தைக் கொடுத்ததும் அவனே என்று நாம் துணிந்து சொல்வோம். இடைகழிக்கு மழையை வருவித்தவன்தானே!

எம்பெருமானுடைய முயற்சியை உழவனின் க்ருஷியாக வைத்துப் பேசுவது நம் ஆசார்யர்களுக்கு உகந்த வழக்கு. நமக்குத் திடீரென்று தோன்றுவது அவனுக்குத் திடீரென்று அன்று. விதைத்தவனுக்கு முளை எதிர்பாராததல்ல. மண்ணுக்குத்தான் அது ஆச்சரியம்.

மறுநாள் மலையிலிருந்து இறங்கித் திருக்கோவலூர் செல்லும் வழியெங்கும் மீண்டும் கரும்பு. ஸ்வாமி தேசிகன் இவ்வூரில் அருளிச்செய்த தேஹளீச ஸ்துதியில், முதலாழ்வார்கள் நெருக்கியதால் சாறு பெருகிய கரும்பாக எம்பெருமானைப் பேசுகிறார். பெண்ணைக் கரையின் கரும்பைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அதை நினைப்பது தனி இன்பம். நம் ஊர்த் தெருக்களில் கரும்புச் சாறு பிழியும் இயந்திரத்துக்கும் உருளை மூன்று என்று உடன் வந்த இளைஞர் சொன்னார், சிரித்தோம். ஆனால் தேசிகன் செய்திருக்கும் மாற்றத்தைப் பார்க்க வேண்டும். சரித்திரத்தில் நெருக்கியவன் எம்பெருமான், நெருக்குண்டவர்கள் ஆழ்வார்கள். ஸ்துதியில் நெருக்குண்டவன் அவன். மூவுலகையும் ஈரடியால் அளந்தவன், மூன்று அடியார்களுக்கு நடுவே பிழியப்பட இடம் தேடி ஒரு ரேழிக்குள் வந்து நின்றான்.

அவன் வந்தது எதற்கு என்பதைப் பொய்கையார் தாமே முதல் திருவந்தாதியின் 86ஆம் பாசுரத்தில் பேசுகிறார். குன்றெடுத்து மழை காத்தவனே, நீயும் பிராட்டியுமாக, வாசலைக் கடந்து வெளியே போகவும் இல்லை, உள்ளே புகவும் இல்லை, கோவலின் இடைகழியையே பற்றி நிற்கிறாயே என்கிறார். உள்ளே ஆச்ரமம் இருக்கிறது, போகலாம். வெளியே உலகம் இருக்கிறது, அதுவும் அவனுடையதே. இரண்டையும் விட்டு நடுவில் நிற்கிறான். ஸந்நிதியில் இந்தப் பாசுரத்தை ஸேவித்தபோது, மலையில் எங்களுக்கு இடம் தந்தவளின் பெயரைக் கேட்காமலே வந்துவிட்டோம் என்பது நினைவுக்கு வந்தது.

அன்பருக்கு நாம் எழுதிய விடை சுருக்கமானது. உங்கள் ஊரில் இன்னும் இருவரைத் தேடிக்கொள்ளுங்கள். கிடைக்காவிடில் தொலைபேசியிலாவது இருவரோடு சேர்ந்து சொல்லுங்கள். நாளைக்கு ஒரு பாசுரம் போதும். சொல்லும்போது ஒரு சொல்லாவது 'இது ஏன் இங்கே?' என்று கேட்கத் தோன்றினால் குறித்துவையுங்கள். தோன்றாவிட்டால் விட்டுவிடுங்கள் என்று எழுதினோம். மற்ற வாசகர்களையும் அவ்வண்ணமே வேண்டுகிறோம். அடுத்த இதழ் வரும்வரை 86ஆம் பாசுரத்தை நாள்தோறும் மும்முறை, பதவுரையைப் பாராமல், அநுஸந்தித்து வரவும். மழையைத் தடுத்த கோவர்த்தனமும் மழையில் நேர்ந்த இடைகழியும் ஒரே பாசுரத்தில் ஏன் சேர்ந்தன என்பதைப் பெரியவாச்சான்பிள்ளை வ்யாக்யானத்தோடு அடுத்த பாடத்தில் எடுத்துக்கொள்வோம்.